ஒரே பிள்ளைக்கு மூன்று கல்: ராசிக்கல், மாதக்கல், எண்கல்

தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில், பெயர்ப் பதிவான செக்ரோலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டால் நவரத்தினத்தில் பாதி அங்கேயே வந்து நிற்கும்: மாணிக்கம், முத்தம்மா, மரகதம், பவளம், ரத்தினம். ஜூலையில் பிறந்ததற்காக ஒருவருக்கு மாணிக்கம் என்று பெயர் வைக்கவில்லை. மே மாதத்துக்காக யாரும் மரகதம் ஆகவில்லை. பிறந்த மாதத்துக்கு ஒரு கல் உண்டு என்ற கணக்கு அந்தப் பெயர்களை வைத்த தாத்தா பாட்டிமாருக்குத் தெரியவே தெரியாது.

இன்று ஹற்றனிலோ நுவரெலியாவிலோ ஒரு நகைக்கடையில் ஏறி, பிள்ளைக்கு ராசிக்கல் மோதிரம் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கடைக்காரர் பிறந்த மாதம் கேட்பார். அடுத்த கடைக்காரர் ராசி நட்சத்திரம் கேட்பார். மூன்றாமவர் திகதியை மட்டும் கேட்டுவிட்டு விரல்விட்டுக் கூட்டுவார். மூவருமே சொல்லுவது "பிறந்த கல்" என்றுதான். ஆனால் மூன்றும் வேறு வேறு ஊரில், வேறு வேறு காலத்தில் உண்டான கணக்குகள்.

ஒரு பிள்ளை செப்டெம்பர் 20ஆம் திகதி, ரோகிணி நட்சத்திரத்தில் பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். மாதப் பட்டியலின்படி செப்டெம்பருக்கு நீலம். ரோகிணி ரிஷப ராசியில் வருகிறது, ரிஷபத்தின் அதிபதி சுக்கிரன், அவருக்கு வைரம். நட்சத்திர அதிபதியைப் பார்ப்பவர்கள் ரோகிணிக்குச் சந்திரன் என்று முத்தைச் சொல்லுவார்கள். எண்கணிதக்காரரும் இருபதைக் கூட்டினால் இரண்டு, இரண்டு சந்திரன், எனவே முத்து என்பார். லக்கினத்தை வைத்துப் பார்ப்பவர் நான்காவதாக ஒரு கல் சொல்லக்கூடும். ஒரே பிள்ளை; நீலம், வைரம், முத்து. யாரும் பொய் சொல்லவில்லை. கேட்கிறவர் எந்தக் கணக்கைக் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்டதுதான் சிக்கல்.

மாதக்கல் எங்கிருந்து வந்தது

மாதக்கல்லின் வேர் விவிலியத்தில் இருக்கிறது. யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்தில் ஆசாரியன் ஆரோன் அணிய வேண்டிய மார்ப்பதக்கம் விவரிக்கப்படுகிறது. வரிசைக்கு மூன்று கல்லாக நான்கு வரிசை. பன்னிரண்டு கல்லிலும் இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரப் பெயர்களை வெட்ட வேண்டும். அங்கே மாதமும் இல்லை, பிறந்த நாளும் இல்லை. கி.பி. முதலாம் நூற்றாண்டில் யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ்தான் அந்தப் பன்னிரண்டைப் பன்னிரண்டு மாதங்களோடும் வான்ராசிகளோடும் இணைத்துப் பேசினார். பிற்பாடு கிறிஸ்தவ உலகில் வசதியுள்ளவர்கள் பன்னிரண்டு கல்லையும் சேர்த்து வைத்து, மாதத்துக்கு ஒன்றாக மாற்றி அணிந்தார்கள். வருடம் முழுவதும் தன் பிறந்த மாதத்துக் கல் ஒன்றையே அணியும் பழக்கம் அதற்கும் பிந்தியது. 18ஆம் நூற்றாண்டுப் போலந்தில் அது பரவியதாகப் பெரும்பாலும் சொல்லுவார்கள். ஜேர்மனியில் அதற்கு முன்பே இருந்தது என்பாரும் உண்டு.

இன்று கடையில் தொங்கும் அட்டவணைக்கு இந்தப் பழமை எதுவும் கிடையாது. 1912இல் அமெரிக்க நகை வியாபாரிகளின் தேசியச் சங்கம் கான்சாஸில் கூடி, ஊருக்கு ஊர் வேறுபட்டுக் கிடந்த பட்டியல்களை ஒன்றாக்கியது. வியாபாரிகளின் கையில் என்ன கல் தாராளமாகக் கிடைக்கும் என்பதும் அந்தத் தெரிவில் ஒரு காரணம். அதன் பிறகு நடந்த திருத்தங்களைப் பார்த்தாலே இது விளங்கும். 1952இல் ஜூனுக்கு அலெக்ஸாண்டிரைட், நவெம்பருக்கு சிட்ரின், ஒக்டோபருக்கு இளஞ்சிவப்புத் தோரமல்லி (டூர்மலின்), டிசெம்பருக்கு ஸேர்கோன் சேர்ந்தன. 2002இல் டிசெம்பருக்குத் தான்சனைட் வந்தது. தான்சானியாவில் மட்டும் கிடைக்கும் அந்தக் கல்லை 1967க்கு முன் உலகச் சந்தை அறியாது. 2016இல் ஓகஸ்டுக்கு ஸ்பினெல் வந்தது. கோத்திரத்தையும் இராசியையும் கடந்து வந்த பாரம்பரியம், புதிய கல் சந்தைக்கு வந்ததும் இடம் விட்டுக்கொடுக்கிறது!

இந்தப் பட்டியலை நம் மண்ணோடு ஒட்டிப் பார்ப்பதில் ஒரு சுவை உண்டு. கார்னெட், செவ்வந்திக்கல், கடல்நீலக்கல், நிலவுக்கல், அலெக்ஸாண்டிரைட், மாணிக்கம், ஸ்பினெல், நீலம், தோரமல்லி, டோபாஸ், சிட்ரின், ஸேர்கோன் எல்லாம் இலங்கை மண்ணில் எடுக்கப்படுபவை. ஒரு காலத்தில் மன்னார்க் கடலில் எடுத்த முத்தையும் சேர்த்தால் பட்டியலில் பெரும்பகுதி முடிந்துவிடும். ஏப்ரல் வைரமும் மே மரகதமும் இங்கே இல்லை. எனவே "சிலோன் மரகதம்" என்று யாராவது நீட்டினால் அது பச்சைநிற வேறு கல், அல்லது கண்ணாடி.

ஒன்பது கோள், பன்னிரண்டு ராசி

நம் வீடுகளில் வேரூன்றிய கணக்கு நவகிரகக் கணக்கு. சூரியனுக்கு மாணிக்கம், சந்திரனுக்கு முத்து, செவ்வாய்க்குப் பவளம், புதனுக்கு மரகதம், குருவுக்குப் புஷ்பராகம், சுக்கிரனுக்கு வைரம், சனிக்கு நீலம், ராகுவுக்குக் கோமேதகம், கேதுவுக்கு வைடூரியம். நவரத்தின மோதிரத்தில் இவை கண்டபடி பதிக்கப்படுவதில்லை. நடுவில் மாணிக்கம். கிழக்கில் வைரம், தென்கிழக்கில் முத்து, தெற்கில் பவளம், தென்மேற்கில் கோமேதகம், மேற்கில் நீலம், வடமேற்கில் வைடூரியம், வடக்கில் புஷ்பராகம், வடகிழக்கில் மரகதம். கடையில் ஆயத்தமாக வைத்திருக்கும் மோதிரத்தில் முதலில் இந்த ஒழுங்கைச் சரிபார்க்கலாம். மாணிக்கம் நடுவில் இல்லையென்றால் செய்தவர் நிறத்துக்காக அடுக்கியிருக்கிறார்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று: ராகு, கேதுவுக்குச் சொந்த ராசி இல்லை. சூரியனுக்கும் சந்திரனுக்கும் ஒவ்வொரு ராசி, மற்ற ஐந்து கோளுக்கும் இரண்டிரண்டு. ஆகவே பன்னிரண்டு ராசிக்கும் ஏழு கல்தான் உண்டு. மேஷமும் விருச்சிகமும் பவளம், ரிஷபமும் துலாமும் வைரம், மிதுனமும் கன்னியும் மரகதம், கடகம் முத்து, சிம்மம் மாணிக்கம், தனுசும் மீனமும் புஷ்பராகம், மகரமும் கும்பமும் நீலம். கோமேதகத்தையும் வைடூரியத்தையும் "உங்கள் ராசிக்கல்" என்று யாராவது விற்றால், அவர் ராசியை விட்டுவிட்டு நடப்புத் தசையையோ நட்சத்திரத்தையோ எண்ணையோ பிடித்திருக்கிறார்.

ராசி என்ற சொல்லும் இரண்டு வேலை செய்கிறது. பஞ்சாங்கத்தில் ராசி என்பது பிறந்த நேரத்தில் சந்திரன் நின்ற இடம். மேற்கத்தைய வாரபலனில் அது சூரியன் நின்ற இடம். அதற்கு மேல், இரண்டு முறைகளும் ராசிச் சக்கரத்தைத் தொடங்கும் புள்ளிக்கு இடையில் இப்போது சுமார் 24 பாகை இடைவெளி. ஓகஸ்ட் 25இல் பிறந்தவருக்கு மேற்கத்தைய கணக்கில் சூரியன் கன்னியில். நம் கணக்கில் ஆவணி மாதம், சூரியன் சிம்மத்தில். கைபேசிச் செயலியில் "வெர்கோ" என்று வந்ததைக் கன்னி ராசி என்று மொழிபெயர்த்து மரகதம் வாங்கியவர்கள் நிறையப் பேர்.

லக்கினம் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் மருத்துவிச்சியின் கையில் பிறந்து, மணி பார்க்க யாருக்கும் தோன்றாத தலைமுறை நம்மிடையே இன்னும் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழே இல்லாத மூத்தவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவருக்கு லக்கினக்கல் என்று உறுதியாக ஒன்றைச் சொல்ல வழியில்லை. நட்சத்திரம் ஒரு நாள் அளவுக்கு நிற்பதால், பிறந்த நாள் சரியாகத் தெரிந்தால் ஓரளவு சொல்லலாம். சான்றிதழில் இருப்பது பிறந்த திகதியா, பிறகு யாரோ உத்தேசமாகப் பதிந்த திகதியா என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் ஜோதிடரிடம் போக வேண்டும்.

நூல்களின் பக்கம் பார்த்தால், 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதை வைரம், முத்து, பத்மராகம், மரகதம் நான்கையும் விரிவாக எடுத்துக்கொள்கிறது. அங்கே கல்லின் குணமும் குற்றமும்தான் பெரும் பேச்சு. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையும் மதுரை இரத்தினக் கடைவீதியில் கற்களை அதே கண்ணோடுதான் பார்க்கிறது. காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரத்தின் குற்றங்களைப் பெயர் சொல்லி விலக்குகிறது. கண்ணகியின் வழக்கு முடிந்ததும் ஒரு கல்லால்தான்: அரசியின் சிலம்புக்குள் முத்து, கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கம். தமிழ் மரபில் கல்லைப் பற்றிய மிகப் பழைய அக்கறை, இது எனக்கு ஒத்துவருமா என்பதல்ல. இது குற்றமற்றதா, இது அதுதானா என்பது. அந்த அக்கறையை இன்றைய ராசிக்கல் வியாபாரம் கைவிட்டது பெரிய நட்டம்.

எண்கணிதக் கல்லைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இது மூன்றிலும் இளையது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீரோ என்ற பெயரில் புகழ்பெற்ற கைரேகைக்காரரின் வழியாகப் பரவிய முறையில் ஐந்துக்கு வைரம், ஆறுக்கு மரகதம். ஜோதிடத்தில் ஐந்துக்குரிய புதனுக்கு மரகதம், ஆறுக்குரிய சுக்கிரனுக்கு வைரம். அப்படியே தலைகீழ். இரண்டு முறையையும் கலந்து பலன் சொல்லுபவரிடம் இந்த இரண்டு எண்ணையும் கேட்டால் போதும், எதைப் பார்த்துச் சொல்லுகிறார் என்று தெரிந்துவிடும்.

பெயர் நின்றது, கல் மாறியது

பழைய நூல் சொன்ன கல்லும் இன்று நம் கையில் இருக்கும் கல்லும் ஒன்றுதானா? பல இடத்தில் இல்லை.

கிரேக்க, உரோமர் "சஃபைரஸ்" என்று எழுதியது பொன்துகள் தெறித்த நீலக்கல். அது இன்றைய லாபிஸ் லசூலி. "டோபாஸ்" என்று அவர்கள் சொன்னது செங்கடல் தீவொன்றில் எடுத்த பச்சைக் கல், இன்றைய பெரிடொட். ஆரோனின் பதக்கத்தில் ஒரு கல்லை வைரம் என்று மொழிபெயர்ப்பார்கள். தமிழ் விவிலியத்திலும் வச்சிரம் என்று இருக்கும். ஒவ்வொரு கல்லிலும் பெயர் வெட்டியிருந்தது என்றால் அது வைரமாக இருந்திருக்க முடியாது. அந்தக் காலத்துக் கருவி எதுவும் வைரத்தில் எழுத்து வெட்டாது.

நம் பக்கத்திலும் இதே கதைதான். வைடூரியம் என்று பழைய நூல்கள் சொன்னது பெரும்பாலும் பெரில் இனத்துக் கல். கொங்கு நாட்டில் எடுத்து உரோமுக்கு ஏற்றியது அதைத்தான். "பெரில்" என்ற மேலைச் சொல்லே வைடூரியத்தின் பிராகிருத வடிவமான வேருலியத்திலிருந்து போனது. இன்று வைடூரியம் என்றால் பூனைக்கண் கல், வேறு கனிமம். பத்மராகம் சமஸ்கிருதத்தில் மாணிக்கம். இலங்கையில் அதே சொல் "பத்பராஜா" ஆகி, தாமரை நிறமும் செம்மஞ்சளும் கலந்த மாணிக்கத்தின் இனமான குருந்தத்தில் அபூர்வமான ஒரு கல்லைக் குறிக்கிறது.

மாணிக்கத்தின் குழப்பம் இதைவிடப் பெரிது. இலங்கைத் தமிழில் மாணிக்கக்கல் என்றால் எல்லா இரத்தினக்கல்லுமே. "மாணிக்கக்கல் அகழ்வில் ஈடுபட்ட மூவர் கைது" என்று பத்திரிகையில் வந்தால் அவர்கள் தோண்டியது சிவப்புக் கல்லைத்தான் என்று பொருளில்லை. அரபு மொழியிலும் "யாகூத்" அப்படித்தான்: சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் யாகூத். ஐரோப்பியருக்கும் சிவப்பாக இருந்ததெல்லாம் ரூபிதான். ஸ்பினெல் வேறு, ரூபி வேறு என்று 1783இல்தான் பிரெஞ்சு அறிஞர் ரோமே த லில் பிரித்துக் காட்டினார். பிரித்தானிய அரச முடியின் முன்னால் பதித்த "கறுப்பு இளவரசரின் ரூபி" ஒரு ஸ்பினெல். அரசகுடும்பமே ஏமாந்த இடத்தில் நாம் ஏமாறுவது வெட்கமில்லை.

மறுபக்கம், அறிவியல் எடுத்துக்கொண்ட சொற்களும் உண்டு. மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமம், அலுமினியம் ஒட்சைட்டு. சிறிதளவு குரோமியம் சேர்ந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்தால் நீலம். அந்தக் கனிமத்தின் உலகப் பெயரான "கொரண்டம்" தமிழ்க் குருந்தத்திலிருந்து போனது. ஒக்டோபரின் "டூர்மலின்" இலங்கையின் தோரமல்லி. டச்சுக்காரர் காலத்தில் இங்கிருந்து கப்பலேறிய கற்களோடு அந்தப் பெயரும் போனது. நிறமற்ற ஸேர்கோன் "மாத்தறை வைரம்" என்ற பெயரில் விற்கப்பட்டது. அந்தப் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

காலடியில் கல், கையில் இல்லை

மலைநாட்டின் பாறைகள் பூமியின் ஆழத்தில் கடுஞ்சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறியவை. அவை தேய்ந்து உடைந்து, கனமான கற்கள் பள்ளத்தாக்குகளில் சரளைப் படுகையாகத் தங்கின. அந்தப் படுகையைத்தான் தோண்டுபவர்கள் "இல்லம்" என்பார்கள். இல்லத்தைப் பிரம்புக் கூடையில் அள்ளித் தண்ணீருக்குள் சுழற்றும்போது மண்ணும் இலேசான கல்லும் விளிம்பால் வழிந்துபோகும், கனமானது நடுவில் தங்கும். படிகக்கல்லின் அடர்த்தி 2.65, நீலத்தின் அடர்த்தி 4. கூடையின் தொழில்நுட்பம் முழுவதும் இந்த வித்தியாசத்தில் நிற்கிறது.

இரத்தினபுரி பெயர்பெற்ற இடம் என்றாலும் பொகவந்தலாவைப் பக்கத்திலும் இல்லம் உண்டு. கெசல்கமுவ ஓயாவின் கரைகளில் இரவில் நடக்கும் அனுமதியற்ற அகழ்வு அடிக்கடி செய்தியாகிறது. அந்த ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகிறது; கரையைக் குடைந்தால் சேறு முழுவதும் அங்கேதான் போய்ப் படியும். முட்டுக்கொடுக்காத குழி ஈர மண்ணில் எச்சரிக்கை இல்லாமல் சரியும். தன் சொந்தக் காணியிலும் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் தோண்ட முடியாது. அனுமதிப்பத்திரம் பெறக் காணி தன்னுடையதாக இருக்க வேண்டும், அல்லது உரிமையாளரின் சம்மதம் வேண்டும். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போன நிலத்தில் லயத்துக் குடும்பத்துக்கு இரண்டுமே எட்டாது.

இதுவும் புதிதில்லை. 5ஆம் நூற்றாண்டில் வந்த சீனத் துறவி பாகியான், இங்கே மணி எடுப்பவரிடம் அரசர் பத்துக்கு மூன்று வாங்குவதாக எழுதினார். 1344இல் வந்த இப்னு பதூதா, நூறு பணத்துக்கு மேல் மதிப்புள்ள கல் அரசருக்கே உரியது என்று பதிந்தார். அவரைச் சிவனொளிபாத மலைக்கு அனுப்பி வைத்த ஆரியச் சக்கரவர்த்தியிடம் உள்ளங்கை அளவு மாணிக்கக் கிண்ணம் ஒன்று இருந்ததாகவும் சொல்கிறார். நல்லதண்ணி வழியாக நாம் ஏறும் அதே மலைதான். அங்கே பாதம் பதித்த ஆதமின் கண்ணீர்தான் இத்தீவின் இரத்தினங்களாயிற்று என்பது பழைய கதை.

கடையில் என்ன பார்ப்பது

முதலில் நிறை. மெட்ரிக் கரட் ஒன்று 0.2 கிராம். ஜோதிடர் "ஐந்து ரத்தி" என்று எழுதிக் கொடுப்பார். ரத்தி என்பது குன்றிமணி நிறை, சுமார் 0.12 கிராம். கல் வியாபாரத்தில் இன்னொரு ரத்தியும் உண்டு, சுமார் 0.18 கிராம். முதல் கணக்கில் ஐந்து ரத்தி மூன்று கரட். இரண்டாவதில் நாலரை கரட். விலை கரட் கணக்கில் போடப்படும்போது இந்த ஒன்றரை கரட் பெரிய தொகை. ஜோதிடரிடமே கிராமில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அடுத்து அடர்த்தி. பதிக்காத கல்லுக்கு மட்டும் இது சரிவரும். 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு வேண்டும். கல்லை முதலில் வெறுமனே நிறுங்கள். பிறகு அரைக் கோப்பை தண்ணீரைத் தராசில் வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் முழுதாகத் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் நிறையை வகுத்தால் அடர்த்தி. ஐந்து கரட், அதாவது ஒரு கிராம் கல் என்றால் நீலமும் மாணிக்கமும் 0.25 காட்டும், ஸ்பினெல் 0.28, கோமேதகம் சுமார் 0.27, ஸேர்கோன் 0.21, 0.22, சிட்ரினும் செவ்வந்திக்கல்லும் 0.38, சாதாரணக் கண்ணாடி 0.40. மஞ்சள் புஷ்பராகம் என்று தந்தது 0.38 காட்டினால் அது பெரும்பாலும் சிட்ரின். கல்லில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் எண் கூடிவிடும். தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் ஒட்டாது. இரண்டு கரட்டுக்குக் குறைந்த கல்லில் தராசின் பிழையே விடையைக் கெடுத்துவிடும்.

இந்தச் சோதனையில் தப்பிவிடும் முக்கியமான ஒன்று: செயற்கைக் குருந்தம். 1902இல் பிரெஞ்சுக்காரர் வெர்னொய் அலுமினாப் பொடியைச் சுவாலையில் உருக்கிக் குருந்தம் வளர்க்கும் முறையை வெளியிட்டார். அதுவும் குருந்தமே, அடர்த்தியும் 4, வைரத்துக்குப் பத்து என்று எண்ணும் அளவில் கடினமும் 9. மலிவான "ராசிக்கல்" மோதிரங்களில் பளிச்சென்று ஒரு அழுக்கும் இல்லாமல் இருப்பது பெரும்பாலும் இதுதான். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் வளைந்த கோடுகளோ உருண்டைக் குமிழிகளோ தெரிந்தால் சுவாலையில் வளர்ந்தது. இயற்கைக் கல்லில் நிறப்பட்டைகள் நேராக, கோணம் கோணமாக நிற்கும். பட்டுநூல் போன்ற ஊசிகள் தெரியும். கோமேதகத்துக்கு லென்ஸே போதும். வெந்நீரில் கித்துள் பாணியை விட்டுக் கலக்கினால் இழை இழையாக ஓடுமே, உள்ளே அப்படி ஓடும். ஸேர்கோனை மேலிருந்து பார்த்தால் அடிப்பட்டைகளின் விளிம்பு இரண்டிரண்டாகத் தெரியும்.

"அண்ணே, இது சூடேற்றின கல்லா?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். பால்நிறமாய் மங்கிக் கிடக்கும் கெவுடாக் கல்லை 1,600 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேற்றினால் உள்ளிருக்கும் ஊசிகள் கரைந்து நல்ல நீலம் பிறக்கும். 1970களில் தாய்லாந்துக்காரர் இதைச் செய்யத் தொடங்கும் வரை கெவுடா மதிப்பில்லாமல் கிடந்தது. சூடேற்றிய கல் போலியல்ல, நிறமும் நிலையானது. ஆனால் சூடேற்றாத கல்லின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் வேறு சங்கதி. வெடிப்பெல்லாம் கண்ணாடியால் அடைபட்டிருக்கும். தேசிக்காய்ச் சாறு பட்டாலே மேற்பரப்பு அரிக்கும். பத்தரின் ஊதுசுவாலை பட்டால் நாசமாகும். பெரிய தொகைக்கு வாங்கும்போது அதிகார சபையின் பரிசோதனைக் கூடத்தில் அறிக்கை எடுப்பதுதான் முறை.

பதிப்பும் பாவனையும்

ஜோதிடப்படி கல் தோலைத் தொட வேண்டும் என்பதால் அடி திறந்த பதிப்பு கேட்பார்கள். திறந்த அடி வாங்குபவருக்கும் நல்லது. மூடிய அடியில் நிறத்தாளை வைத்து வெளிறிய கல்லை ஆழ்ந்த நிறமாகக் காட்டும் பழைய வித்தை அங்கே நடக்காது.

கொழுந்து எடுக்கும் கைக்கு நகம்போல் பிடிக்கும் பதிப்பு ஒத்துவராது. கிளையில் மாட்டி ஒரு நகம் நிமிர்ந்தால் கல் எங்கே விழுந்தது என்று தேட முடியாது. சுற்றிவர உலோக விளிம்பு அணைத்த பதிப்பைக் கேளுங்கள். தொழிற்சாலையில் ரோலருக்குப் பக்கத்தில் வேலை செய்பவர் எந்த மோதிரமும் போடக் கூடாது. அங்கே போவது கல் மட்டுமாக இருக்காது.

தினமும் போடும் மோதிரத்துக்கு மாணிக்கமும் நீலமும் தாங்கும். வைடூரியமும் தாங்கும், கடினம் 8.5. கடினம் 6 உள்ள நிலவுக்கல் தூசியிலேயே கீறும். ஒரு தட்டில் பிளக்கும். ஸேர்கோனின் விளிம்புகள் உதிரும். முத்தும் பவளமும் சுண்ணாம்புச் சத்து. வியர்வை, சலவைத்தூள், உரம், தேசிக்காய் எல்லாமே அரிக்கும். இவை இரண்டையும் மோதிரமாக அல்லாமல் கழுத்தில் போடுவது மேல். அணியுமுன் பாலில் வைக்கும் வழக்கத்தில், முத்தையும் பவளத்தையும் இரவு முழுக்க ஊறவிட்டுப் பால் புளிக்க விடாதீர்கள். நனைத்து எடுத்து நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும். மரகதத்தின் வெடிப்பில் எண்ணெய் நிரப்பியிருப்பார்கள். வெந்நீரும் கடையில் வைத்திருக்கும் அதிர்வுக் கழுவியும் அந்த எண்ணெயை வெளியேற்றிவிடும். மோதிரத்தை ஒடுக்கவோ பெருப்பிக்கவோ கொடுத்தால், சூடு காட்டுமுன் கல்லைக் கழற்றச் சொல்லுங்கள். செவ்வந்திக்கல் சூட்டில் ஊதா நிறம் போய் மஞ்சளாகும்.

நீலம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, மூன்று இரவு தலையணைக்குக் கீழ் வைத்துப் பார்த்துத்தான் போட வேண்டும் என்பார்கள். நம்பிக்கை எப்படியிருந்தாலும், அந்த மூன்று நாளும் வாங்குபவருக்குக் கிடைக்கும் நல்ல அவகாசம். கல்லைப் பதிக்காமல் வாங்கி, திருப்பிக் கொடுக்கலாம் என்று எழுதி வாங்கிக்கொண்டு, அந்த இடைவெளியில் பரிசோதனையை முடித்துவிடலாம்.

பற்றுச்சீட்டில் "நீலக்கல் மோதிரம் 1" என்று எழுதியிருந்தால் போதாது. கல்லின் கனிமப் பெயர், இயற்கையா செயற்கையா, சூடேற்றியதா, கல்லின் நிறை கரட்டில், தங்கத்தின் நிறை கிராமில், எத்தனை கரட் தங்கம் என்பதெல்லாம் தனித்தனியாக வேண்டும். ஹற்றனில் வாங்கினாலும் கொழும்பு செட்டியார் தெருவில் வாங்கினாலும் இதே கணக்கு. கஷ்ட காலத்தில் அடகுக்குப் போகும்போது கல்லின் நிறையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும்தான் பணம் தருவார்கள். பற்றுச்சீட்டில் நிறை பிரித்து எழுதாத மோதிரத்துக்குக் கழிக்கும் அளவை அடகுக்காரரே தீர்மானிப்பார்.